பண்டம் தாங்கும் பலகை: தேர்வும் உறையும்

நெசவாளர்க்கும் உழவர்க்கும் உரிய இவ்விதழில் தின்பண்டப் பலகையைப் பற்றிய பாடம் எதற்கு என்று அன்பர் சிலர் வினவக்கூடும். காரணம் உண்டு. கரிசலில் விளைந்த நிலக்கடலை மிட்டாயாகி விற்பனைக்கு வருகிறது. நம் தறியில் நெய்த துணி அம்மிட்டாய் அமரும் பலகையைப் போர்த்துகிறது. உழவர், நெசவாளர், பண்டம் செய்யும் மகளிர் ஆகிய மூவரின் உழைப்பும் ஒரே விற்பனை மேடையில் கூடுகின்றன. அம்மேடையில் ஒரு பலகை வளைந்தால் மூவர்க்கும் இழப்பு நேர்கிறது. ஆதலின் இதனை ஒரு பாடமாகவே எடுத்துக் கூறத் துணிந்தோம்.

கோவில்பட்டிக் கடலைமிட்டாயின் பெருமையை நம் வாசகர்க்கு நாம் புதிதாகச் சொல்ல வேண்டுவதில்லை. 2020 ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் அதற்குப் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. வறுத்துத் தோல் நீக்கிய கடலைப் பருப்பு, வெல்லப் பாகு, தாமிரபரணி நீர் ஆகியவை அதன் உயிர். அதன் மேற்பரப்பில் இளஞ்சிவப்பு, பச்சை, மஞ்சள் நிறமூட்டிய தேங்காய்த் துருவலைத் தூவுவது அதன் அழகு. ஆகவே கடலைமிட்டாயும் அலங்காரப் பண்டமே. கிறிஸ்துமசுக்கும் திருமணத்திற்கும் சர்க்கரைப் பூச்சும் பூ வேலையும் செய்து வைக்கும் கேக்கும் அவ்வினத்தைச் சார்ந்ததே. பெங்களூரில் ஆண்டுதோறும் டிசம்பரில் கேக்குக் கண்காட்சி நடைபெறுகிறது. அங்கு வைக்கப்படும் கோபுரங்களும் மாளிகைகளும் பல நூறு கிலோ எடை கொண்டவை. அத்தனை எடையையும் அடியில் மறைந்திருக்கும் பலகையும் சட்டமுமே தாங்குகின்றன. காண்போர் பூ வேலையைப் புகழ்வர்; பலகையைப் பற்றி எவரும் பேசார். பலகை தன் கடமையைச் செவ்வனே செய்கிறது என்பதற்கு அதுவே சான்று.

எம் கண்முன் நிகழ்ந்த ஒன்றை இங்குக் கூறுவோம். ஒரு கார்த்திகை மாதத்தில் கண்காட்சி ஒன்றிற்காக எம் குழுவினர் பலகை அமைத்தனர். பலகையைத் தேர்ந்தவர்கள் நாமே. செலவு குறையட்டும் என்று 6 மி.மீ. கனமுள்ள ஒட்டுப்பலகையை வாங்கி, மேற்பக்கத்தில் மட்டும் ஈரப் பசையால் துணி ஒட்டி, மறுநாளே பயன்படுத்தினோம். விரற்கடைக் கனமுள்ள நான்கு கிலோ மிட்டாய்ப் பாளம் அதன்மேல் வைக்கப்பட்டது. இரவு முழுதும் மழை. காலையில் பலகையின் இரு முனைகளும் மேலெழுந்திருந்தன. பாளம் நடுவில் தாங்கலின்றி மூன்றாகப் பிளந்து கிடந்தது. தூவிய தேங்காய்த் துருவல் பிளவில் சரிந்து நிறம் கலந்துவிட்டது. மிட்டாயில் குற்றமில்லை, சுவையிலும் குற்றமில்லை. ஆயினும் வந்தவர்கள் அதனைப் பார்த்து அடுத்த மேடைக்கு நகர்ந்தனர். முதல் நாள் நெடுநேரம் அடுப்படியில் நின்ற மகளிர் அந்தத் துண்டுகளைப் பொட்டலமாக்கிப் பாதி விலைக்கு விற்றனர். அன்று நாம் கற்றவையே இப்பாடம்.

பலகையின் கடமைகள் நான்கு

முதலாவது, சுமையால் வளையாதிருத்தல். இரண்டாவது, ஈரத்தாலும் வெப்பத்தாலும் கோணாதிருத்தல். மூன்றாவது, தன் வாடையையோ சாயத்தையோ பசையையோ பண்டத்தில் ஏற்றாதிருத்தல். நான்காவது, துடைக்க எளிதாகவும் காண இனிதாகவும் இருத்தல். பலர் நான்காவதையே முதலில் கருதுகின்றனர். அவ்வரிசை தவறு. எத்துணை அழகிய உறையும் வளைந்த பலகையைத் திருத்தாது.

கடலைமிட்டாய்ப் பாளமும், முட்டை வெண்கருவும் சர்க்கரையும் கலந்து பூசிய கேக்கின் மேற்பூச்சும் உலர்ந்தபின் கண்ணாடி போன்றவை. அவை வளைய மாட்டா, உடையும். அடியில் உள்ள பலகை சிறிது தாழ்ந்தாலும் மேலே பிளவு தோன்றும். மென்மையான கேக்குக்கு ஓரளவு வளைவு பொறுக்கும். உடையும் பண்டத்திற்குப் பொறுக்காது. இவ்வேறுபாட்டை முதற்கண் மனத்தில் இருத்துக.

பலகை வகைகள்

மரத்தை அறுத்த தனிப் பலகை பழைய முறை. மாம்பலகை எளிதில் கிடைக்கும். ஆனால் அகலமான தனிப் பலகை மழையில் விரிந்தும் வெயிலில் சுருங்கியும் கோணும். இதனை விளங்கிக்கொள்ள நம் கரிசல் காட்டையே பார்த்தால் போதும். ஐப்பசி மழையில் உப்பும் மண், சித்திரை வெயிலில் பாளம் பாளமாக வெடிக்கிறது. மரமும் அவ்வாறே நீரை உண்டு பருக்கும். நீரை இழந்து சுருங்கும். வேம்பு முதலிய வாடையுள்ள மரங்கள் தின்பண்டத்திற்கு ஆகா. பனம்பலகை வலியது, எனினும் சிலாம்பு கிளம்பிக் கையையும் துணியையும் கிழிக்கும்.

பிளைவுட் எனப்படும் ஒட்டுப்பலகையே நம் தேவைக்கு மிகவும் ஏற்றது. அதன் அமைப்பை நெசவாளர் ஒரு நொடியில் உணர்வர். மெல்லிய மரத்தகடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டப்பட்டிருக்கும். ஒரு தகட்டின் நார் நீளவாக்கில் ஓடினால் அடுத்த தகட்டின் நார் குறுக்குவாக்கில் ஓடும். பாவும் ஊடையும் ஒன்றையொன்று பிடிப்பது போல, ஒரு தகடு விரிய முயலும்போது குறுக்குத் தகடு அதனை இழுத்து நிறுத்துகிறது. தகடுகளின் எண்ணிக்கை 3, 5, 7 என ஒற்றைப்படையாக இருக்கும். இரு புறமும் ஒரே வகையில் இழுத்தால்தான் பலகை நேராக நிற்கும். நாம் பின்னர்க் கூறப்போகும் உறை முறைக்கும் இதுவே அடிப்படை. வாங்கும்போது இந்தியத் தர நிறுவனத்தின் முத்திரையைப் பார்க்க. பொதுப் பயன்பாட்டு ஒட்டுப்பலகைக்கு ஐ.எஸ். 303 என்னும் எண்ணும், நீரைத் தாங்கும் கப்பல் தரத்திற்கு ஐ.எஸ். 710 என்னும் எண்ணும் இருக்கும். அடிக்கடி துடைத்துப் பல ஆண்டு ஆளவேண்டிய சங்கப் பலகைகளுக்கு இரண்டாவது சிறந்தது.

எம்.டி.எஃப். என்பது மரநாரைப் பிசினுடன் அழுத்திய பலகை. பரப்பு மிக வழவழப்பானது; விலையும் சற்றுக் குறைவு. ஆனால் அதில் பாவும் இல்லை, ஊடையும் இல்லை. வெட்டிய ஓரத்தில் நீர் பட்டால் ஓரம் பருத்து உதிரும். மறுபடி சுருங்கினாலும் பழைய நிலைக்கு வாராது. உலர்ந்த அறையில் ஓரிரு நாள் பயன்படுத்த மட்டும் கொள்க.

ஹார்ட்போர்டு என்னும் கடின அட்டையை 1924 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வில்லியம் மேசன் என்பார் உருவாக்கினார். 3 மி.மீ. கனமுள்ள அதனைத் தனியே பயன்படுத்தலாகாது. இரண்டை ஒட்டிச் சிறு கேக்குக்குக் கொள்ளலாம். அலை அட்டைப் பெட்டியை வெட்டிப் பயன்படுத்துவோர், இரு துண்டுகளை அலை குறுக்காக அமையுமாறு ஒட்டுக. அலைகள் ஒரே திசையில் ஓடினால் அட்டை அத்திசையில் மடியும். தெர்மாகோல் இலேசானது, ஆயினும் அழுத்தம் பட்ட இடம் குழிந்துவிடும். அதனைத் தாங்கு பலகையாகக் கருதவேண்டா.

கனமும் அளவும்

பலகையின் கனம் இருமடங்கானால் அதன் வளைவு பாதியாகும் என்று பலர் எண்ணுகின்றனர். உண்மையில் அது எட்டில் ஒரு பங்காகக் குறையும். 6 மி.மீ. பலகை 4 மி.மீ. தாழும் இடத்தில், அதே சுமைக்கு 12 மி.மீ. பலகை அரை மி.மீ. அளவே தாழும். நீளம் கூடினாலோ வளைவு விரைந்து பெருகும். ஒரே கனத்தில் பண்டம் பரப்பிய பலகையின் நீளத்தை இருமடங்காக்கினால் வளைவு பதினாறு மடங்காகிறது. எனவே நீண்ட ஒரு பலகையைவிட இரண்டு குறும்பலகைகளை அருகருகே வைப்பது நன்று.

எம் பட்டறிவில் கண்ட அளவுகள் இவை. ஓர் அடிச் சதுரத்திற்குள் அடங்கி 2 கிலோவுக்கு மிகாத பண்டத்திற்கு 6 மி.மீ. ஒட்டுப்பலகை போதும். 24 அங்குல நீளமும் 18 அங்குல அகலமும் கொண்டு 6 கிலோ வரை தாங்கவேண்டிய பலகைக்கு 12 மி.மீ. வேண்டும். 3 அடிக்கு 2 அடி அளவில் 15 கிலோ தாங்கவேண்டுமாயின் 18 மி.மீ. வேண்டும். இதற்கு மேற்பட்டால் பலகையின் அடியில் சட்டம் அடித்தல் இன்றியமையாதது.

பண்டத்தின் எடையை முன்னரே கணிக்கலாம். 20 அங்குல நீளமும் 14 அங்குல அகலமும் ஒரு செ.மீ. கனமும் உள்ள கடலைமிட்டாய்ப் பாளம் ஏறக்குறைய 2 கிலோ இருக்கும். அதன்மேல் இன்னொன்றை அடுக்கினால் 4 கிலோ. பலகையின் எடையையும் சேர்க்க. 24க்கு 18 அங்குல 12 மி.மீ. பலகை தானே 2 கிலோ அளவு இருக்கும். மொத்தத்தையும் ஒருவர் இரு கைகளால் நடுங்காமல் தூக்க இயலுமா என்று எண்ணிப் பார்த்தே அளவை முடிவு செய்க.

பண்டத்தைச் சுற்றி நான்கு புறமும் 2 அங்குல வெற்றிடம் விடுக. உயர்ந்த கேக்காயின் 3 அல்லது 4 அங்குலம் விடுக. தூக்குபவரின் விரலுக்கு இடமாகவும், உதிரும் துருவல் மேடையில் விழாமல் தங்கும் ஓரமாகவும், கண்ணுக்கு ஒரு சட்டமாகவும் அது பயன்படும்.

வெட்டும் கணக்கு

ஒட்டுப்பலகை பெரும்பாலும் 8 அடிக்கு 4 அடி, அஃதாவது 96க்கு 48 அங்குலத் தாளாகக் கடைகளில் கிடைக்கிறது. அதனின்று 24க்கு 18 அங்குலப் பலகைகள் எத்தனை கிடைக்கும்? பலகையின் நீளத்தைத் தாளின் நீளத்தோடு பொருத்தினால், நீளத்தில் 4, அகலத்தில் 2, ஆக 8 பலகைகளே கிடைக்கும். 12 அங்குல அகலத் துண்டு மீந்துவிடும். திருப்பி வைத்து, 18 அங்குலத்தைத் தாளின் நீளத்தில் அளந்தால், நீளத்தில் 5, அகலத்தில் 2, ஆக 10 பலகைகள் கிடைக்கும். ஒரே விலையில் இரண்டு பலகை மிகுதி. துணி வெட்டுமுன் அளவு பரப்பிப் பார்க்கும் நம் வழக்கத்தை மரத்திலும் கைக்கொள்க. வாள் ஒவ்வொரு வெட்டிலும் ஏறத்தாழ 3 மி.மீ. மரத்தைத் தின்னும் என்பதையும் கணக்கில் கொள்க. பலகைகள் 24 அங்குலத்திற்கு ஒரு நூல் குறைவாகவே அமையும். அதனால் குறையொன்றுமில்லை, எல்லாம் ஒரே அளவாக இருந்தால் போதும்.

பத்துப் பலகை போக, 5 அங்குலத்திற்குச் சற்று மிகுந்த அகலமும் 48 அங்குல நீளமும் உள்ள துண்டு மீதமாகும். அதனை எறியற்க. ஓர் அங்குல அகலத்தில் நான்கு கீற்றாகவும் ஒவ்வொரு கீற்றையும் 15 அங்குலமாக மூன்றாகவும் வெட்டினால் 12 துண்டுகள். இரண்டிரண்டாக ஒன்றன்மேல் ஒன்று ஒட்டினால் 6 காலடிச் சட்டங்கள். அவை மூன்று பலகைகளுக்கு ஆகும். ஏனைய பலகைகளுக்கு ஓர் அங்குல ரீப்பர் வாங்கிக்கொள்க.

காலடிச் சட்டம்

தட்டையான பலகையை மேடையிலிருந்து எடுக்க விரல் நுழையாது. நகத்தால் நெம்பும்போதே பண்டம் சரியும். ஆகவே பலகையின் அடியில் குறுக்காக இரு சட்டங்கள் வேண்டும். அவற்றை இரு முனைகளிலும் அமைப்பதே பலர் வழக்கம். அதனினும் ஒவ்வொரு முனையிலிருந்தும் நீளத்தில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று உள்ளே அமைத்தல் மேலானது. 24 அங்குலப் பலகையில் அது முனையிலிருந்து 5 அங்குலம். வெளியே நீண்ட இரு முனைகளின் சுமை நடுப்பகுதியை மேலே தூக்க முயல்கிறது. நடுப்பகுதியின் சுமை அதனைத் தாழ்த்த முயல்கிறது. இரண்டும் ஒன்றையொன்று ஈடுசெய்ய, வளைவு பல மடங்கு குறைகிறது. காவடித் தண்டின் இரு புறமும் சுமை ஒத்திருப்பது போன்றது இது. எனினும் பலகையைத் தூக்கும்போது கைகள் முனைகளிலேயே பிடிக்கும். அந்நேரத்தில் கனம் ஒன்றே காக்கும். ஆதலின் சட்டம் இருக்கிறதென்று கனத்தைக் குறைக்கலாகாது.

பயன்படுத்துமுன் சோதனை

பலகையின் இரு முனைகளையும் இரு செங்கற்களின்மேல் வைக்க. வைக்கப்போகும் பண்டத்தைப்போல் ஒன்றரை மடங்கு எடையை, அரிசிப் பொட்டலமாகவோ கடலை மூட்டையாகவோ, பரவலாக ஏற்றி ஓர் இரவு விடுக. காலையில் ஒரு பாவு நூலைப் பலகையின் ஓரத்தில் முனைக்கு முனை இழுத்துப் பிடித்து, நடுவில் நூலுக்கும் பலகைக்கும் உள்ள இடைவெளியைக் காண்க. உடையும் பண்டத்திற்கு அது 2 மி.மீ.க்கு மேற்படலாகாது. மேற்பட்டால் அப்பலகையைச் சிறு பண்டத்திற்கு ஒதுக்குக. செலவில்லாத இச்சோதனையை நாம் அன்று செய்திருந்தால் அப்பாளம் பிளந்திராது.

உறையும் அதன் அடுக்குகளும்

உறை என்பது ஒரே பொருளன்று. மூன்று அடுக்கு என்று கருதுக. பலகையைக் காக்கும் அடுக்கு முதலாவது. அழகு தரும் துணி இரண்டாவது. பண்டத்தைத் தொடும் தூய தாள் மூன்றாவது. இம்மூன்றையும் ஒன்றே செய்துவிடும் என்று எண்ணுவதால்தான் பிழைகள் நேர்கின்றன.

முதலில் பலகையின் ஓரங்களையும் பரப்பையும் உப்புத்தாள் கொண்டு தேய்க்க. சிலாம்பு சிறிதும் இருத்தலாகாது. பின்னர் அரக்கை எரிசாராயத்தில் கரைத்த மெருகையோ வார்னிஷையோ இரு முகங்களிலும், சிறப்பாக வெட்டிய ஓரங்களிலும், இருமுறை பூசுக. வாடை முற்றும் நீங்கும் வரை, குறைந்தது ஒரு வாரம், நிழலில் காற்றாட வைக்க. மூக்கை அருகில் வைத்து முகர்ந்தும் வாடை தெரியாதபோதே அடுத்த வேலை தொடங்குக.

துணியைத் தேர்தல்

மெல்லிய உயர் எண் நூல் துணியில் பசை ஊறி மேலே கறையாகும். பலகையின் நிறமும் தெரியும். 20 அல்லது 30 எண் நூலில் நெருங்க நெய்த துணியே ஏற்றது. இக்கரிசல் நிலத்தின் பழம்பயிராகிய கருங்கண்ணிப் பருத்தி குறுகிய இழையுடையது. இத்தகைய தடித்த நூலுக்கு இயல்பாகவே பொருந்துவது. இன்று அதனைப் பயிரிடுவோர் சிலரே. எனினும் அந்நூல் கிடைக்குமாயின், நம் நிலத்து மிட்டாய்க்கு நம் நிலத்துப் பருத்தியே உறையாகும் பெருமை உண்டு. சங்கத்தில் தேங்கும் முழநீள வெட்டுத் துண்டுகளும் தறிக் கடைசித் துண்டுகளும் இதற்குத் தக்கவை. சரிகையுள்ளவற்றைத் தவிர்க்க.

துணியை முதலில் வெந்நீரில் ஊறவைத்துக் கஞ்சியை நீக்கி உலர்த்துக. நனையாத துணியை ஈரப் பசையில் ஒட்டினால், அது உலரும்போது சுருங்கிப் பலகையையே இழுக்கும். சாயம் நிலைத்ததா என்று அறிய, நனைத்த வெள்ளைத் துணியால் அழுந்தத் தேய்த்துப் பார்க்க. வெள்ளையில் நிறம் ஏறினால் அத்துணி வேண்டா. நிறத் தேர்வில் ஒரு சொல்: மிட்டாய் பழுப்பு நிறமும் மேலே மூவண்ணத் துருவலும் உடையது. அதற்கு வெள்ளை, சந்தன நிறம், கரும்பச்சை ஆகியவை பொருந்தும். பெரிய கட்டமும் பல நிறக் கோடும் பண்டத்தின் அழகை விழுங்கிவிடும்.

அளவு காண்போம். பலகை 24க்கு 18 அங்குலம். ஓரக் கனத்திற்கு அரை அங்குலமும் அடியில் மடிக்க 2 அங்குலமும் ஒவ்வொரு புறமும் வேண்டும். ஆகவே துணி 29க்கு 23 அங்குலம். நனைத்து உலர்த்தியபின் 48 அங்குல அகலம் இருக்கும் துணியில் 23 அங்குலத் துண்டுகள் இரண்டு அருகருகே அடங்கும். பத்துப் பலகைக்கு 29 அங்குலம் ஐந்து முறை, அஃதாவது 145 அங்குலம். 4 மீட்டருக்குள் முடிந்துவிடும். அடிப்புறத்திற்கு வேறு துண்டுகள் தேவை என்பதைக் கீழே காண்க.

பசை

மைதாப் பசையோ புளியங்கொட்டைப் பசையோ போதுமானது. பாவுக்குக் கஞ்சி காய்ச்சத் தெரிந்தவர்க்கு இது புதிதன்று. கட்டியின்றிக் கரைத்து, சிறு தீயில் கண்ணாடிபோல் தெளியும்வரை கிளறி, ஆறியபின் பயன்படுத்துக. இங்கு ஓர் எச்சரிக்கை. புத்தகம் கட்டுவோரும் சுவரொட்டி ஒட்டுவோரும் பூச்சி அரிக்காமலிருக்கப் பசையில் மயில்துத்தம் சேர்ப்பதுண்டு. அது நஞ்சு. தின்பண்டப் பலகைக்குரிய பசையில் அதனை அணுவளவும் சேர்க்கலாகாது. பூச்சிக்கு அஞ்சுவோர் தச்சரின் வெள்ளைப் பசையை நீர் சேர்க்காமல் மெல்லெனத் தடவி ஒட்டுக. உலர்ந்தபின் அதனைப் பூச்சி நாடுவதில்லை.

போர்த்தும் முறை

துணியைத் தலைகீழாக விரித்து, பாவின் ஓட்டம் பலகையின் நீளத்தோடு ஒத்திருக்குமாறு அமைக்க. சாய்வாக வெட்டிய துணி இழுத்தவிடத்தில் நெளியும். பலகையின் மேன்முகத்தில் பசையை மெலிதாகத் தடவித் துணியின்மேல் கவிழ்த்துத் திருப்புக. நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி உள்ளங்கையால் தடவிக் காற்றை வெளியேற்றுக. பின்னர் முதலில் எதிரெதிரான இரு நீளப் புறங்களையும், அதன்பின் இரு குறுகிய புறங்களையும் அடியில் மடித்து ஒட்டுக. ஒரு புறத்தை முடித்து அடுத்துள்ள புறத்திற்குச் சென்றால் துணி கோணும். மூலையில் திரளும் மிகுதியை, பலகை முனைக்கு ஒரு விரல் கனம் விட்டுச் சாய்வாக வெட்டி மடித்தால் முடிச்சு தோன்றாது.

வட்டப் பலகையாயின் வேறு முறை. அடியில் மடியும் பகுதியில் இரண்டு செ.மீ.க்கு ஒன்றாக வெட்டுக் கொடுத்து இதழ் இதழாக ஒட்டலாம். துணியின் விளிம்பில் ஓட்டுத் தையல் போட்டு, பலகையை நடுவில் வைத்து நூலை இழுத்துச் சுருக்குவது இன்னும் எளிது. இவ்வாறு செய்த உறையைக் கழற்றித் துவைக்கவும் கூடும்.

இனி மிக முதன்மையான செய்தி. மேற்புறம் முடிந்தவுடன், அதே துணியில் 22க்கு 16 அங்குலத் துண்டை அதே பசையால் அடிப்புறத்தில் ஒட்டுக. இதனைக் கண்ணுக்குத் தெரியாத இடத்து வீண் செலவு என்று நினைத்தே நாம் அன்று விட்டோம். மேலே ஒட்டிய துணி உலர்ந்து சுருங்கியபோது அப்பக்கத்தை இழுத்தது. மூடாத அடிப்பக்கம் மழை ஈரத்தைக் குடித்து விரிந்தது. இரண்டும் சேர்ந்து முனைகளை மேலே தூக்கின. இரு முகங்களிலும் ஒரே இழுப்பு இருந்தால் பலகை எப்பக்கமும் போகாது. ஒட்டுப்பலகையின் தகடுகள் ஒற்றைப்படையாக இருப்பதன் காரணமும் இதுவே என்று முன்னர்க் கண்டோம்.

ஒட்டியபின் இரு தட்டைப் பலகைகளுக்கு நடுவில் வைத்துச் சுமை ஏற்றி இரண்டு நாள் உலர்த்துக. மழைக்காலமாயின் நான்கு நாள். உலர்ந்தபின் காலடிச் சட்டங்களை அடியிலிருந்து திருகாணியால் பொருத்துக. 24 மி.மீ. சட்டமும் 12 மி.மீ. பலகையும் சேர்ந்து 36 மி.மீ. ஆதலின் 30 மி.மீ. திருகாணி போதும், அதனினும் நீண்டது மேலே துளைத்து வெளிவரும்.

பண்டத்தைத் தொடும் தாள்

துணியின்மேல் பண்டத்தை நேராக வைக்கலாகாது. வெல்லம் காற்றின் ஈரத்தை ஈர்த்துக் கசியும் இயல்புடையது. கசிந்தால் துணியில் கறையும், பண்டத்தில் இழையும் ஒட்டும். உணவுக்கென விற்கும் பட்டர் தாளைப் பண்டத்தின் அளவுக்கு ஒரு விரல் கூடுதலாக வெட்டி இடையில் விரிக்க. ஒவ்வொரு முறையும் புதுத்தாள் இடுக. அச்சிட்ட செய்தித்தாள் கூடவே கூடாது. 2018 ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புப் பொதிவு விதிகள் செய்தித்தாளில் உணவை வைப்பதையும் பொதிவதையும் விலக்கியுள்ளன. பளபளக்கும் வண்ண அலங்காரத் தாள்கள் உணவைத் தொடுதற்கென ஆனவை அல்ல. அவற்றை விளிம்பு அழகுக்கு மட்டும் கொள்க. வாழையிலை விருந்துக்கு உயர்ந்தது. ஆனால் அதன் ஈரம் மிட்டாயை நமர்க்கச் செய்யும்.

மேலே மூடுவதற்குப் பலர் கண்ணாடித்தாள் நாடுவர். உண்மையான செல்லோபேன் பருத்தியைப் போன்றே செல்லுலோசினால் ஆனது. இன்று அப்பெயரில் விற்பவை பலவும் பிளாஸ்டிக்கே. சிறு துண்டை வெளியிடத்தில் கொளுத்திப் பார்த்தால், முன்னது காகிதம்போல் எரியும்; பின்னது உருகிச் சொட்டும். ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் வகைகள் பலவற்றைத் தமிழ்நாடு அரசு 2019 சனவரி 1 முதல் தடை செய்துள்ளது. ஆகவே துவைத்து மீண்டும் ஆளத்தக்க மெல்லிய வலைத் துணியை மூங்கில் சட்டத்தில் தைத்து மூடியாக்குவதே நமக்கு இசைந்த வழி. ஈக்கும் தூசிக்கும் அது காப்பு. நெசவாளர்க்கும் ஒரு வேலை. எறும்பு ஏறாதிருக்க மேடைக் கால்களை நீர்க் கிண்ணத்தில் நிறுத்துக.

இன்னுமோர் எச்சரிக்கை. சூடான பாகை இப்பலகைமீது ஊற்றலாகாது. உடையும் பதத்திற்குக் காய்ந்த பாகு கொதிநீரைக் காட்டிலும் மிகச் சூடானது. பசையையும் மெருகையும் இளக்கிவிடும். வார்த்துத் தேய்க்கும் பலகை வேறு. காட்சிக்கு வைக்கும் பலகை வேறு. பண்டம் முற்றும் ஆறியபின்னரே இதன்மேல் ஏற்றுக.

சங்கம் செய்யக்கூடியது

ஓர் உறுப்பினர் ஆண்டில் இரண்டு மூன்று நாள் பயன்படுத்தும் பலகைக்குத் தனியே முதலீடு செய்வது வீண். சங்கம் ஒரு தாள் வாங்கிப் பத்துப் பலகைகள் செய்து, அடியில் எண் எழுதி, பதிவேட்டில் ஏற்றி, சிறு கட்டணத்திற்குக் கொடுத்து வாங்கலாம். ஆண்டுதோறும் நவம்பர் 14 முதல் 20 வரை கூட்டுறவு வாரம் வருகிறது. அது நம் பகுதியில் வடகிழக்குப் பருவமழைக் காலம். ஆகவே பலகை வேலையைப் புரட்டாசிக்குள் முடித்துவிடுக. திரும்பும் பலகையை ஈரத் துணியால் துடைத்து, உலர்த்தி, நட்டுக்குத்தாக அல்லாமல் படுக்கையாக அடுக்கி வைக்க.

பலகையின் முன்னோரத்தில் ஒரு சிறு அட்டை வைக்க இடம் விடுக. பொதியாமல் விற்கும் இனிப்புக்கு, எந்நாள் வரை உண்ணத் தக்கது என்பதைக் காட்டவேண்டும் என்று 2020 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த ஆணை கூறுகிறது. பண்டத்தின் பெயர், விலை, அந்நாள் ஆகிய மூன்றும் அவ்வட்டையில் இருக்கட்டும். புவிசார் குறியீடு பெற்ற பெயரைப் பயன்படுத்துவோர் அதற்குரிய பதிவைப் பெற்றே பயன்படுத்துக. அப்பெயர் ஊரார் எல்லார்க்கும் பொதுச் சொத்து. ஒருவர் செய்யும் குறை அனைவர் பெயரையும் கெடுக்கும்.

உறுப்பினர் கூட்டத்தில் உசாவுதற்குரிய வினாக்கள்

1. பலகையின் கனம் 9 மி.மீ.லிருந்து 18 மி.மீ. ஆனால் வளைவு எத்தனையில் ஒரு பங்காகும்?

2. 96க்கு 48 அங்குலத் தாளினின்று 16 அங்குலச் சதுரப் பலகைகள் எத்தனை வெட்டலாம்? வாள் தின்னும் மரத்தை எங்கே ஈடுசெய்வீர்?

3. அடிப்புறத்திலும் துணி ஒட்டவேண்டும் என்பதை, பாவு ஊடை கொண்டு ஒரு புதிய உறுப்பினர்க்கு எவ்வாறு விளக்குவீர்?

4. நம் சங்கத்தில் தேங்கியுள்ள வெட்டுத் துண்டுகள் எத்தனை பலகைக்கு ஆகும்?

நான்காம் வினாவிற்கு விடை இவ்விதழில் இல்லை; சங்கப் பண்டகசாலையில் இருக்கிறது. உறுப்பினர்கள் அடுத்த கூட்டத்திற்குமுன் அதனை எண்ணி எழுதி வருவார்களாயின், வரும் கார்த்திகையில் நம் மகளிர் செய்யும் மிட்டாய் பிளவின்றி நிற்கும்.